குற்றவாளியைத் தேடும் தூண்டில்

2014 ஜனவரி கடைசியில் மேற்கு ஆஸ்திரேலிய அரசு, பெர்த் நகரக் கடற்கரைகளுக்கும் தென்மேற்குக் கரைக்கும் எதிரே கடலில் மிதவைகளை இறக்கியது. ஒவ்வொரு மிதவைக்கும் கீழே இரை கோத்த பெரிய தூண்டில் முள் தொங்கியது. வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா ஆகிய மூன்றில் எது மாட்டினாலும், நீளம் மூன்று மீட்டரைத் தாண்டினால் சுட்டுக் கொல்ல வேண்டும் என்பது ஆணை. அதற்கு முந்தைய மூன்றாண்டு சொச்சத்தில் அம்மாநிலக் கடலில் ஏழு பேர் சுறா கடித்து இறந்திருந்தார்கள். அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்ற கோபம் மக்களிடம் இருந்தது. ஏப்ரல் இறுதியில் தூண்டில்களை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது 172 சுறாக்கள் மாட்டியிருந்தன. அவற்றில் 163 புலிச் சுறாக்கள். மரணங்களுக்குப் பெரிதும் காரணமாகச் சொல்லப்பட்ட வெள்ளைச் சுறா ஒன்றுகூட அகப்படவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் மாநிலத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆணையம் எதிர்த்துப் பரிந்துரைக்க, திட்டத்தை அடுத்தடுத்த பருவங்களுக்கும் நீட்டிக்கும் எண்ணம் கைவிடப்பட்டது.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அந்தத் தூண்டில்களை இறக்கவைத்த எண்ணம் மிகப் பழையது, மனிதருக்கு இயல்பானது: ஒருவர் செத்திருக்கிறார், கொன்றது எங்கோ அருகில்தான் இருக்கிறது, அதைப் பிடித்தால் ஆபத்து தீரும். 1916 ஜூலையில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி கரையில் பன்னிரண்டு நாட்களுக்குள் நான்கு பேர் இறந்தபோது மக்கள் துப்பாக்கியும் வெடிமருந்துமாக இறங்கியது இதே எண்ணத்தோடுதான். அவர்களில் இருவர் இறந்தது கடலிலேயே இல்லை; கடல்நீர் ஏறி இறங்கும் மட்டவான் ஓடையில். கடித்தது வெள்ளைச் சுறாவா, ஆற்றுக்குள்ளும் ஏறிவரும் காளைச் சுறாவா, ஒன்றா பலவா என்ற வழக்கு நூறாண்டு கடந்தும் முடிந்தபாடில்லை. சிட்னியின் அறுவை மருத்துவர் விக்டர் கோப்பிள்சன் இந்த எண்ணத்துக்கு ஒரு கோட்பாட்டு உருவம் கொடுத்தார். உலகெங்கும் நடந்த சம்பவங்களைத் திரட்டி 1958இல் நூலாக்கிய அவர், மனித வேட்டைக்குப் பழகிவிட்ட தனிச் சுறா ஒன்று ஒரு கரையைச் சுற்றி வந்துகொண்டே தாக்குகிறது என்றார். பின்னால் வந்த புதினங்களும் திரைப்படங்களும் அந்தச் சுறாவுக்கு முகமும் பின்னணி இசையும் சேர்த்தன.

இந்தக் கோட்பாட்டின் பலவீனம் அது கரை பற்றிச் சொல்வதில் இருக்கிறது. பெரிய சுறாக்கள் ஒரே கரையில் குடியிருப்பவை என்று அது எடுத்துக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு பெண் வெள்ளைச் சுறா, 2003 நவம்பரில் கிளம்பி 99 நாட்களில் இந்தியப் பெருங்கடலைக் கடந்து மேற்கு ஆஸ்திரேலியாவை அடைந்தது. ஒன்பது மாதங்களுக்குள் மறுபடி தென்னாப்பிரிக்கக் கரையில் காணப்பட்டது. போய்வந்த தொலைவு இருபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆராய்ச்சியாளர்கள் அதற்கு நிக்கோல் என்று பெயர் வைத்தார்கள். எல்லா வெள்ளைச் சுறாவும் இப்படிப் பெருங்கடல் தாண்டுவதில்லை. ஆனாலும் திங்கட்கிழமை கடித்த சுறா வியாழக்கிழமை தூண்டில் போடும் இடத்தில் காத்திருக்கும் என்று நம்புவதற்கு இடமில்லை. அதே நேரத்தில் அந்த இடத்துக்கு வேறு சுறாக்கள் வந்துபோகும் வழி திறந்தே இருக்கிறது.

ஹவாய்த் தீவுகள் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டன என்றே சொல்லலாம். 1958 டிசம்பரில் ஒவாஹு தீவில் ஒரு சிறுவன் புலிச் சுறா கடித்து இறந்ததைத் தொடர்ந்து, 1959 முதல் 1976 வரை அரசு செலவில் சுறா வேட்டை பலமுறை நடந்தது. கொல்லப்பட்டவை 4,668. அவற்றில் புலிச் சுறாக்கள் 554 மட்டும். மீதியில் பெரும்பான்மை மனிதரைச் சீண்டாத சிற்றினங்கள். பிராட்லி வெதர்பீ, கிறிஸ்டோபர் லோ, ஜெரால்ட் க்ரோ ஆகிய மூவர் 1994இல் இந்த வேட்டைகளை மொத்தமாக மதிப்பிட்டு, தாக்குதல் எண்ணிக்கையில் அளந்து காட்டக்கூடிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். பதினேழு ஆண்டு, நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சுறா, பலன் கண்ணுக்குத் தெரியவில்லை. இதற்குப் பிறகும் ‘இன்னும் கொஞ்சம் கொன்றிருந்தால்’ என்று சொல்பவர்களிடம், எவ்வளவு கொன்றால் போதும் என்பதற்கு ஓர் எண்ணைக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படி ஓர் எண்ணை யாரும் முன்வைத்ததில்லை.

தனிச் சுறாக் கோட்பாட்டை முற்றிலும் குப்பையில் போட்டுவிடவும் முடியாது. நேர்மையான மறுப்பு ஒன்று அங்கிருந்து வருகிறது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் எரிக் குலுவா, கடிவாயில் ஒட்டியிருக்கும் சுறாவின் மரபணுத் தடயத்தை எடுத்து, குற்றப் புலனாய்வில் செய்வதுபோலத் தனிச் சுறாவை அடையாளம் காணலாம் என்று பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார். கரீபியனில் செயின்ட் மார்ட்டின் தீவில் 2020 டிசம்பரில் ஒருவர் இறந்தார். அடுத்த மாதம் செயின்ட் கிட்ஸ் தீவருகே ஒருவர் படுகாயமடைந்தார். இரண்டு கடிவாய்களிலும் கிடைத்த தடயம் ஒரே புலிச் சுறாவைக் காட்டியது. ஆக, மீண்டும் கடிக்கும் தனிச் சுறா இருக்கக்கூடும். ஆனால் இந்தச் சான்று யாருக்குச் சாதகம் என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இரு தீவுகளுக்கும் இடையே பரந்த கடல் கிடக்கிறது. முதல் தீவின் கரையில் எத்தனை தூண்டில் போட்டிருந்தாலும் இரண்டாம் தீவில் நடந்ததைத் தடுத்திருக்காது. குலுவாவே மொத்த வேட்டையை எதிர்ப்பவர். அடையாளம் தெரிந்த ஒன்றை மட்டும் நீக்கு என்பதே அவர் கட்சி. அதற்கு முன் அந்தக் கடலின் சுறாக்கள் ஒவ்வொன்றின் மரபணுவும் படமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேடு பெரும்பாலான கரைகளில் இன்னும் இல்லை. அது உருவாகும்வரை அவர் வாதம் வருங்காலத்துக்கான ஒன்று.

இதைவிடக் கனமான மறுப்பு டர்பனிலிருந்து வருகிறது. தென்னாப்பிரிக்காவின் அந்த நகரம் 1952இல் கடலில் சுறா வலைகளை விரித்தது. அதற்கு முன் டர்பன் கடற்கரைகளில் மரணங்கள் வாடிக்கை. அதற்குப் பின் அங்கே கடும் தாக்குதல்கள் ஏறத்தாழ நின்றுபோயின. குவாசுலு-நட்டால் மாகாணத்தின் மற்ற வலைக் கடற்கரைகளிலும் தாக்குதல் சுமார் 90 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுறாப் பாதுகாப்பு பேசுவோர் பலர் இந்த எண்ணைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிடுவார்கள். அது வாதத்துக்கு அழகில்லை. வலை அங்கே வேலை செய்திருக்கிறது. எப்படி வேலை செய்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடற்கரையை அடைத்து நிற்கும் வேலி என்று குளிக்க வருபவர் அதைக் கற்பனை செய்துகொள்கிறார். உண்மையில் அது இருநூறு மீட்டர் சொச்சம் நீளமும் ஆறு மீட்டர் ஆழமும் கொண்ட செவுள் வலை. திறந்த மைதானத்தின் நடுவே எழுப்பிய துண்டுச் சுவர்போல இரண்டு பக்கமும் வழி விட்டு நிற்கிறது. அங்கே மாட்டும் சுறாக்களில் மூன்றில் ஒரு பங்கு, கரைப் பக்கத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பும்போது மாட்டுகின்றன. அதாவது குளிப்பவர்கள் இருக்கும் பக்கம் வந்து போனவை. வலை சுறாவைத் தடுப்பதில்லை, மீன்பிடிக்கிறது. அந்தப் பகுதியில் உள்ள பெரிய சுறாக்களை ஆண்டுக்கணக்காகப் பிடித்துப் பிடித்து அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தே அது பலன் தருகிறது.

அப்படியென்றால் ஹவாயில் பலிக்காதது டர்பனில் பலித்தது ஏன்? ஹவாய் வேட்டைகள் விட்டு விட்டு நடந்தவை. டர்பன் வலைகள் பல்லாண்டாக ஒரே இடத்தில், குளிப்பவர்கள் கூடும் நீருக்கு எதிரிலேயே நிற்பவை. இடைவிடாத மீன்பிடிப்பு எந்தச் சுறாக் கூட்டத்தையும் கரைக்கும், ஏனென்றால் இவை மிக மெதுவாகப் பெருகும் உயிர்கள். பெண் வெள்ளைச் சுறா இனப்பெருக்கத்துக்குத் தயாராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று மதிப்பிடுகிறார்கள். ஆகவே வலையின் விலை தற்செயலாக நேரும் பக்கவிளைவு இல்லை. பலன் கிடைக்கும் வழியே அதுதான். அதோடு வலை ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. ஓங்கில்கள், ஆமைகள், திருக்கைகள், யாரையும் கடிக்காத சுறாக்கள் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன. 1937 முதல் வலை விரிக்கும் நியூ சவுத் வேல்ஸில், கிழக்கு ஆஸ்திரேலியாவில் அழிவின் விளிம்பில் இருக்கும் சாம்பல் செவிலிச் சுறா அந்த வலைகளிலேயே சாகிறது. அங்கே பலனைக் கணக்கிடுவதும் கடினம். வலைக் கடற்கரைகளில் 1937க்குப் பின் ஒரே ஒரு மரணம், 1951இல் என்று சொல்வார்கள். அதே கடற்கரைகளில்தான் உயிர்காக்கும் காவலர்களும் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் நிமிடங்களில் வருகிறது, ரத்தம் ஏற்றும் மருத்துவமனை அருகில் இருக்கிறது. இவற்றில் எது எத்தனை உயிரைக் காத்தது என்று பிரித்துச் சொல்ல முடிந்தவர் யாருமில்லை. குயின்ஸ்லாந்து அரசின் தூண்டில் திட்டம் 2019இல் நீதித் தீர்ப்பாயத்தின் முன் வந்தபோது, பெருந்தடுப்புப் பவளத்திட்டுப் பகுதியில் சுறாக்களைக் கொல்வது மனிதருக்கான ஆபத்தைக் குறைக்கவில்லை என்பதே அங்கு வைக்கப்பட்ட அறிவியல் சான்றின் பெரும்போக்கு எனத் தீர்ப்பாயம் கண்டது.

“மனித உயிர் பெரிதா, மீன் பெரிதா?” என்று கேட்பவர்கள் உண்டு. மனித உயிர்தான் பெரிது. இதில் தயக்கம் எதற்கு? நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்காத வீடு கடலோரத்தில் அரிது; சுறாவைத் தின்பவர்கள்மீது எனக்குப் புகாரும் இல்லை. ஆனால் மனித உயிர் பெரிது என்பதாலேயே, காக்காத ஒன்றைக் காக்கிறது என்று காட்டி மக்களைக் கடலில் இறக்குவது கூடாது. மறுபக்கத்திலும் ஒரு சோம்பேறி வாதம் உலவுகிறது. ஆண்டுதோறும் உலகில் சுறா கடித்துச் சாவது ஏறத்தாழ ஆறு பேர், தேங்காய் விழுந்து சாவதோ 150 பேர், ஆகவே பயப்படாதே என்பது அது. புளோரிடாவின் பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேட்டை வைத்துப் பார்த்தால் முதல் எண் சரிதான். சீண்டாமலே நடக்கும் கடிகள் ஆண்டுக்கு அறுபது சொச்சம், 2024இல் 47. தேங்காய்க் கணக்குக்கு உருப்படியான ஆதாரமே கிடையாது. ஆதாரம் இருந்தாலும் அந்த ஒப்பீடு பயனற்றது. உலக மக்கள்தொகையில் ஏராளமானோர் கடலில் கால் நனைக்காதவர்கள். அவர்களையும் சேர்த்துப் போட்ட சராசரி, ரெயூனியன் தீவில் மாலை வேளையில் அலைச்சறுக்குப் பலகையோடு இறங்கும் இளைஞனுக்கு எதையும் சொல்லாது. இந்தியப் பெருங்கடலில் உள்ள அந்தச் சிறிய பிரெஞ்சுத் தீவில் 2011க்கும் 2019க்கும் இடையே 11 பேர் இறந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய அலைச்சறுக்கர் கூட்டத்துக்கு அது தாங்க முடியாத எண். 2013இல் அரசு, பவளத்திட்டு காக்கும் ஆழமற்ற நீரையும் காவலுள்ள இடங்களையும் தவிர மற்ற எங்கும் குளிப்பதையும் அலைச்சறுக்கையும் தடைசெய்தது. ஆபத்து உலகில் பரவலாகத் தூவிக் கிடக்கவில்லை. அது சில இடங்களில், சில வேளைகளில் குவிந்து கிடக்கிறது. சிந்திக்க வேண்டிய சேதி இதுவே என்பது என் வாதம்.

பிரேசிலின் ரெசிஃபே நகரம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. போவா வியாஜெம், பியதாஜே கடற்கரைகளில் தலைமுறைகளாக மக்கள் குளித்தார்கள். சுறா அங்கே செய்தியாக இருந்ததில்லை. 1992இலிருந்து தாக்குதல்கள் தொடர்ந்தன. சில ஆண்டுகளிலேயே அது உலகின் மோசமான சுறாக் கரைகளில் ஒன்றாகப் பெயரெடுத்தது. இடையில் நடந்தது என்ன? தெற்கே சுவாப்பே துறைமுகம் எழுந்தது. அதற்காக அலையாத்திக் காடுகள் அழிந்தன, கழிமுகம் ஒன்றின் நீரோட்டம் மாறியது. காளைச் சுறா குட்டி போட ஒதுங்குவது கழிமுகங்களில்தான். அங்கே இடம் கெட்டதும் அவை வடக்கே உள்ள அடுத்த கழிமுகத்தைத் தேடி வந்திருக்கும் என்பது ஃபாபியோ ஆசின் தலைமையிலான ஆய்வாளர்களின் விளக்கம். கப்பல்கள் வீசும் கழிவைத் தொடர்ந்து புலிச் சுறாக்கள் வந்திருக்கலாம். ரெசிஃபே கரையை ஒட்டியே ஆழமான கால்வாய்போல ஒரு பள்ளம் ஓடுகிறது. அது சுறாவைக் குளிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. இதில் எந்தச் சுறாவைக் குற்றவாளி என்பது?

ஆசின் குழு 2004இல் வேறொரு வழியை முயன்றது. தூண்டில்களைக் கரையோரம் போட்டார்கள். ஆனால் ஆபத்தான இனம் மாட்டினால் உயிரோடு படகில் ஏற்றி, குறிக்கருவி பொருத்தி, தொலைவில் ஆழ்கடலில் விட்டார்கள். படகு வேலையில் இருந்த காலங்களில் தாக்குதல் விகிதம் சுமார் 97 சதவீதம் குறைந்ததாக அவர்கள் 2014இல் பதிவு செய்தார்கள். திரும்ப விட்டால் திரும்பி வராதா என்ற சந்தேகம் நியாயமானது. விடுவிக்கப்பட்டவை பெரும்பாலும் கரையைவிட்டு விலகியே போயின என்று குறிக்கருவிகள் காட்டின. இந்த எண்ணிக்கைகள் சிறியவை, கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆயினும் கொல்லாமலே கொலைத் திட்டங்களுக்கு இணையான பலன் கிடைத்தது என்பது லேசான விஷயமில்லை. பின்னர் பணம் வற்றியது, படகும் நின்றது. 2023 பிப்ரவரி, மார்ச்சில் இரண்டு வாரத்துக்குள் மூன்று பேர் கடிபட்டபோது அதே ஊரில் அதே விவாதம் முதலிலிருந்து தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸ் இப்போது இதையே பெரிய அளவில் செய்கிறது: சுறா இரையை இழுத்த மறுகணம் மிதவை செய்தி அனுப்பும், படகு அரை மணிக்குள் போய்க் குறியிட்டு வெளிக்கடலில் விடும், பிறகு அந்தச் சுறா கரைக்கு வந்தால் கைபேசிகளுக்கு எச்சரிக்கை வரும். வானில் ட்ரோன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் பணக்கார நாட்டுச் சமாசாரம் என்பது அடுத்த மறுப்பு. கேப் டவுனில் 2004இல் தொடங்கிய ஏற்பாடு அதற்குப் பதில். மியூசன்பெர்க் கடற்கரைக்கு மேலே மலைச்சாலை போகிறது. அங்கே ஒருவர் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, தொலைநோக்கியோடு நாள் முழுக்கக் கடலைப் பார்க்கிறார். கீழே மணலில் இன்னொருவர் கொடிக்கம்பத்தோடு நிற்கிறார். பச்சைக் கொடி என்றால் நீர் தெளிவு, சுறா இல்லை. சிவப்பு என்றால் விழிப்பாயிரு. வெள்ளைக் கொடியில் கறுப்புச் சுறா பறந்து சங்கொலியும் கேட்டால் எல்லோரும் கரையேற வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது கறுப்புக் கொடி. நீர் கலங்கியிருக்கிறது, எங்களால் பார்க்க முடியவில்லை என்பது அதன் பொருள். ஆபத்தை அளக்க முடியாத நாளில் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது, முடிவைக் குளிக்க வந்தவரிடம் விடுகிறது. பக்கத்து ஃபிஷ் ஹூக் கடற்கரையில் நெருக்கமான கண்களுள்ள வேலிவலையைக் காலையில் கட்டி மாலையில் எடுத்துவிடுகிறார்கள். அது எதையும் பிடிப்பதற்காகக் கட்டுவதில்லை. எல்லாக் கரைக்கும் இது பொருந்தாது. மலை இல்லாத ஊரில், நீர் எப்போதும் கலங்கிய ஊரில், பேரலை அடிக்கும் ஊரில் வேறு வழிதான் பார்க்க வேண்டும். 2010களின் பிற்பகுதியில் இந்தக் கடற்கரைகள் இருக்கும் விரிகுடாவிலிருந்து வெள்ளைச் சுறாக்கள் மறையத் தொடங்கின. ஓர்க்கா என்னும் கொலைத் திமிங்கிலங்கள் வந்து அவற்றைக் கொன்று ஈரலைத் தின்றது முக்கியக் காரணம் என்கிறார்கள். எனவே மலைமேலிருந்து கண்காணிப்பவர்களின் பங்கை எண்ணால் நிறுவுவது இனி கடினம்.

தனிமனிதர் செய்யக்கூடியதும் இடத்தையும் வேளையையும் ஒட்டியதே. ஆற்று வெள்ளம் கடலைக் கலக்கிய நாளில், அந்தி மங்கிய பிறகு, மீன் கூட்டத்தைப் பறவைகள் குத்தித் தின்னும் இடத்தில், செத்த திமிங்கிலம் மிதக்கும் பக்கத்தில் இறங்காதிருப்பது எந்தக் கருவியையும்விட மலிவு. கருவிகளில் பல வெறும் நம்பிக்கை விற்பனை. ஃபிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லி ஹியூவனீர்ஸ் குழு, அலைச்சறுக்கர்களுக்காக விற்கப்படும் ஐந்து விரட்டிகளை வெள்ளைச் சுறாக்களிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டது. காந்தப் பட்டைகளும் வாசனை மெழுகும் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மின்புலம் உண்டாக்கும் ஒரு கருவி மட்டும், இரை பறிபோவதை 96 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைத்தது. நாற்பது என்பது சிறிய எண் இல்லை என்பதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசுகளின் திட்டங்களில் மிகக் குறைந்த பணமும் பேச்சும் பெறுவது கடிபட்ட பின் வரும் சில நிமிடங்கள். சுறா கடித்து இறப்பவர்களில் பெரும்பாலோரைச் சுறா தின்பதில்லை; தொடையின் பெருந்தமனி போன்ற பெரிய ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் வடிந்து சாகிறார்கள். ஆஸ்திரேலியாவின் அவசர சிகிச்சை மருத்துவர் நிக்கோலஸ் டெய்லர் 2021இல் வெளியிட்ட ஆய்வில் அலைச்சறுக்கர்களை வைத்தே ஒரு சோதனை செய்தார். அடிபட்டவரை மல்லாத்தி, இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் தொடை தொடங்கும் மடிப்பில் மடக்கிய கைமுட்டியை ஊன்றி, உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்தினால் காலுக்குப் போகும் ரத்தம் கிட்டத்தட்ட 90 சதவீதம் நின்றது. பலகையைக் காலோடு பிணைக்கும் கயிற்றால் தொடையை இறுக்கிக் கட்டியபோது நின்றது பாதிக்கும் குறைவு. பதறி நிற்கும் சாதாரண ஆட்களால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்கலாம். தனித் திறமை எதுவும் வேண்டாம், குளிருக்கு அணியும் ரப்பர் உடையைக் கழற்றவும் வேண்டாம், கருவியைத் தேடி ஓடவும் வேண்டாம் என்பதால்தான் டெய்லர் இதைச் சொன்னார். முதலில் கரைக்கு இழுத்து அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முறையான இறுக்குப் பட்டையோ ஆம்புலன்ஸோ வரும்வரை கையை எடுக்கக் கூடாது. கடித்த சுறா எங்கே போயிற்று என்று அந்த நேரத்தில் யாரும் கடலைப் பார்க்க வேண்டியதில்லை.